கழுகுக் கோபுரத்தில் நிற்கிறேன், வீடியோ பார்க்காமல் ஏற வழி சொல்லுங்கள்

கரையோர ரயில்:

எல்லோருக்கும் வணக்கம். லிங்க்ஸ் அவேக்கனிங் என்ற செல்டா விளையாட்டை விளையாடிக்கொண்டிருக்கிறேன், 2019இல் நின்டெண்டோவின் சுவிட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த புதிய பதிப்பு. என்னிடம் இருப்பது சுவிட்ச் லைட். ஆறு டஞ்சன், அதாவது புதிரும் எதிரியும் நிறைந்த அறைகள் உள்ள இடங்கள், முடிந்துவிட்டது. ஏழாவது அந்தக் கழுகுக் கோபுரம், ஈகிள்ஸ் டவர், அதற்குள் மேலும் கீழும் ஏறி இறங்கித் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கே வந்து சேர்கிறேன். ஒரு இரும்புப் பந்து இருக்கிறது, தூக்கலாம், எறியலாம், அதை எறிந்து ஒரு தூணை உடைத்தும்விட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பந்தை எங்கே கொண்டு போவது, எதற்குக் கொண்டு போவது என்று விளங்கவில்லை.

யூடியூப்பில் தேடினால் முதல் வரியிலேயே விடை வந்துவிடும், அது தெரியும். அதைப் பார்க்க விருப்பமில்லை. எனக்கு விளையாடக் கிடைக்கும் நேரம் காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கும்வரை, பிறகு பின்னேரம் திரும்பி வரும்போது, அதுவும் இருக்க இடம் கிடைத்தால் மட்டும். 80, 100 மணித்தியாலம் ஓடுகிற பெரிய விளையாட்டுகள் இந்த நேரத்துக்குச் சரிவராது, ஒரு கிழமை விட்டுவிட்டுத் திறந்தால் யார் எந்த ராஜா, எதற்காகச் சண்டை என்று எல்லாம் கலைந்து போயிருக்கும். இது அப்படி இல்லை. ஒரு தீவு, எட்டு டஞ்சன், எட்டு இசைக்கருவி, கதை அவ்வளவுதான். ஒவ்வொரு அறையும் ஒரு சின்னப் பிரச்சினை, பம்பலப்பிட்டியில் அதற்குள் நுழைந்தால் கொம்பனித்தெருவுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீர்கிற அந்த நொடிக்காகத்தான் விளையாடுகிறேன், அதை வேறு ஒருவர் செய்து காட்டிப் பார்ப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை.

அதனால் விடை வேண்டாம், எந்தப் பக்கம் யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, இப்படித் துண்டு துண்டாக விளையாடுகிறவர்கள் விட்ட இடத்தை எப்படி ஞாபகம் வைக்கிறீர்கள்? மற்ற டஞ்சன்களில் இந்தப் பிரச்சினை வரவில்லை, இந்தக் கோபுரத்தில்தான் காலையில் என்ன செய்தேன் என்பது பின்னேரம் மறந்துபோகிறது.

சதுரக் கொப்பி:

அந்தக் கோபுரத்தில் எல்லோருமே நிற்பார்கள் தங்கச்சி, அது அப்படிக் கட்டப்பட்ட இடம். முதல் ஆறு டஞ்சனிலும் ஒவ்வொரு அறையாகத் தீர்த்துக்கொண்டு போகலாம், பக்கத்து அறையில் என்ன நடந்தது என்பது பெரிதாகத் தேவைப்படாது. ஏழாவதில் முழுக் கட்டடமும் ஒரே புதிர். அறையைப் பார்த்து யோசிக்காமல் கட்டடத்தைப் பார்த்து யோசியுங்கள். ஒரு தூணை உடைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையே கொஞ்சம் நீட்டிப் பாருங்கள்: தூண் எதற்காக நிற்கிறது? மொத்தம் நான்கு தூண் இருக்கிறது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

பந்தைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். நீங்கள் எங்கே விட்டீர்களோ அங்கேயே அது இருக்கும், அறையை விட்டு வெளியே போய் வந்தாலும் இடம் மாறாது, அதனால் வழியைத் திறப்பதற்காக அதை வைத்துவிட்டுப் போகப் பயப்படத் தேவையில்லை. மற்றது, நீங்கள் போக முடியாத இடத்துக்கும் பந்து போகும். முதலில் எறிந்துவிட்டுப் பிறகு சுற்றி நடந்து போய் எடுக்கலாம். அங்கே அடித்தால் சில கட்டைகள் எழும்பி, சில கட்டைகள் பதிகிற பளிங்கு விசை இருக்கிறதல்லவா, பந்தைக் கையில் எடுக்குமுன் எந்தக் கட்டை இப்போது எழும்பி நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மறதிக்கு நான் செய்வது கொப்பி. கணக்குக்கு வாங்குகிற சதுரக் கோடு போட்ட கொப்பிதான். ஒரு தளத்துக்கு ஒரு பக்கம், எல்லாப் பக்கத்திலும் அறைகள் ஒரே இடத்தில் விழும்படி கீறுங்கள். பிறகு இரண்டு தாளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தால் எந்த அறைக்கு மேலே எந்த அறை என்று நேராகத் தெரியும். மற்ற டஞ்சன்களுக்கு இது தேவையே இல்லை, விளையாட்டே தருகிற படம் காணும். ஆனால் இந்தக் கோபுரத்தில் ஓட்டை வழியாக விழுந்தால் எங்கே விழுவோம் என்பது முக்கியம், அதை அந்தப் படத்தில் தளம் தளமாக மாற்றி மாற்றிப் பார்த்துத் தலைக்குள் அடுக்க வேண்டியிருக்கிறது.

நிறுத்தும் இடமும் ஒரு பழக்கம்தான். சுவிட்சைத் தூங்க வைத்தால் விட்ட இடத்திலேயே எழும்பும் என்பதால் எல்லோரும் அறைக்கு நடுவில், சண்டைக்கு நடுவில் நிறுத்துகிறார்கள். அப்படிச் செய்யாமல் ஒரு அறை முடிந்து அடுத்த அறையின் வாசலில் கால் வைத்த பிறகு நிறுத்துங்கள், நிறுத்தும்போது கொப்பியில் ஒரு வரி: 'மூன்றாம் தளம், பந்து இடது பக்கம், திறப்பு ஒன்று கையில்.' பின்னேரம் அந்த வரியை வாசித்தால் போதும்.

அப்புறம் விளையாட்டுக்குள்ளேயே உதவி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு டஞ்சனிலும் கல்லால் ஆன ஒரு பறவை அலகு ஒளிந்திருக்கும், அதைக் கொண்டுபோய் ஆந்தைச் சிலைக்குக் கொடுத்தால் சிலை பேசும். அது சொல்வது அந்த டஞ்சனுக்கென்றே எழுதிய குறிப்பு. வெளியே வந்தால் மரத்துக்குள் தொலைபேசி வைத்த குடிசைகள் இருக்கின்றன, அங்கிருந்து உல்ரீரா தாத்தாவுக்கு எடுத்துக் கேட்கலாம். நேரில் போனால் வெட்கப்பட்டு வாய் திறக்காத மனிசன், போனில் மட்டும் நன்றாகக் கதைப்பார். வீடியோ பார்க்குமுன் அவரிடம் கேளுங்கள், அதற்காகத்தான் அவரை அங்கே வைத்திருக்கிறார்கள்.

நாலு பற்றரி:

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இதை முதலில் விளையாடியது கேம் போய் என்ற பழைய கையடக்கக் கருவியில், 1993இல் வந்த முதல் பதிப்பில். லண்டனிலிருந்து சித்தப்பா அனுப்பிய சாம்பல் நிறப் பெட்டி, நாலு பென்சில் பற்றரி, நிறமே இல்லாத திரை, கறுப்பிலிருந்து வெளிறல் வரை நாலு சாயல் மட்டும். 1996இல் மழை இல்லாமல் நாடு முழுக்க மின்சாரம் வெட்டினார்களே, அந்த வருடம் எங்கள் வீட்டில் ரீவி இல்லாத இரவுகளில் இதுதான் ஓடியது. அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அதனால் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் சரித்துப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போனபோது அதையே திரும்ப எடுத்தேன், பற்றரி போட்டதும் வேலை செய்தது.

தங்கச்சி ஒவ்வொரு அறையும் ஒரு சின்னப் பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். அது அந்தச் சின்னத் திரையிலிருந்து பிறந்த குணம் என்பது என் எண்ணம். கேம் போய்த் திரை அகலம் 160 புள்ளி, உயரம் 144 புள்ளி. கீழே இதயங்களும் பணமும் காட்டுகிற பட்டையைக் கழித்தால் மிஞ்சுவது பத்துக்கு எட்டுக் கட்டம். அந்த 80 கட்டத்துக்குள் ஒரு அறை, ஒரு எதிரி, ஒரு கதவு, ஒரு யோசனை எல்லாம் அடங்க வேண்டும். தீவு முழுவதும் பதினாறுக்குப் பதினாறு, அதாவது 256 திரை. விளையாட்டு அடங்கிய கசெட் மொத்தமே 512 கிலோபைட், இன்றைக்குக் கைபேசியில் எடுக்கிற ஒரு படம் அதைவிடப் பெரியது. வீணாக ஒரு மரம் நடக்கூட அதில் இடமில்லை, அதனால்தான் எந்தத் திரையை எடுத்தாலும் அதில் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது. நின்டெண்டோவில் சிலர் வேலை முடிந்த பிறகு கேம் போய்க் கருவியை வைத்துச் சும்மா முயன்று பார்த்ததில்தான் இது ஆரம்பித்தது, பிறகு தகாஷி தெசுகா இயக்கி, யோஷியாகி கொய்சுமி கதை எழுதி முழு விளையாட்டாக வந்தது. பெரிய திரைக்கு என்று திட்டமிட்டிருந்தால் இவ்வளவு இறுக்கமாக வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிய பதிப்பில் வெளியே நடக்கும்போது தீவு இடைவெளி இல்லாமல் நகரும், டஞ்சனுக்குள் அறைக்கு அறை மாறுகிற பழக்கத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். அது நல்ல முடிவு. இன்னொரு மாற்றம் உங்களுக்கு வாய்ப்பாகிவிட்டது. பழையதில் இரண்டே பொத்தான், ஏயும் பீயும். வாள், கேடயம், குதிக்கும் இறகு, பாரம் தூக்கும் காப்பு, கொக்கிச் சங்கிலி எல்லாம் அந்த இரண்டு பொத்தானுக்குள்தான், ஒவ்வொரு முறையும் நிறுத்தி மாற்ற வேண்டும். அந்தக் கோபுரத்தில் பந்தைத் தூக்கக் காப்பு, பள்ளத்தைத் தாண்டக் கொக்கி, வழியில் வருகிறவனை அடிக்க வாள் என்று மாற்றி மாற்றியே நேரம் போய்விடும். புதியதில் வாளும் கேடயமும் தங்களுக்கென்று பொத்தான் வைத்திருக்கின்றன, காப்பும் கையிலேயே இருக்கிறது.

கோபுரத்துக்கு என் பங்குக்கு ஒன்று. கண்ணாடிக் கேடயம் எடுத்துவிட்டீர்களா? எடுக்காவிட்டால் நீங்கள் இன்னும் போகாத பகுதி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு டஞ்சனும் ஒரு பொருளைத் தரும், தந்துவிட்டு அதைப் பாவிக்கப் பழக்கும், கடைசியில் வருகிற பெரிய எதிரியான தலைவனிடம் அதையே பரீட்சை வைக்கும். முதல் டஞ்சனில் இறகு, மூன்றாவதில் ஓடும் சப்பாத்து, நாலாவதில் நீந்தும் துடுப்பு, ஐந்தாவதில் கொக்கி என்று யோசித்துப் பாருங்கள், எல்லாம் அப்படித்தான் வந்திருக்கும். உச்சியில் கழுகு இறக்கையடித்துக் காற்று வீசும்போது அந்தக் கேடயம் இல்லாமல் நிற்பது கஷ்டம்.

மின்மினி:

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். வீடியோ பார்த்தால் என்ன? எட்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு, இருக்க இடம் கிடைக்காமல் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆளுக்கு ஒரு பந்தை எங்கே எறிவது என்று கிழமைக்கணக்காகத் தேடச் சொல்வது நியாயமா? நான் ஒரு இடத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் தேடிப் பார்த்துவிடுவேன். பார்த்துவிட்டு மிச்சத்தை ரசித்து விளையாடுவேன். கதை எனக்கு முக்கியம், அந்தத் தீவு முக்கியம், அங்கே இருக்கிற மரின் என்ற பெண் பாடுகிற பாட்டு முக்கியம். ஒரு தூணுக்காக இதையெல்லாம் பாதியில் விடுவதுதான் நட்டம்.

இன்னொன்று, இதை முடிக்க 15 மணித்தியாலம் அளவில் போகும், அது எல்லோருக்கும் சின்ன விளையாட்டு இல்லை. உண்மையிலேயே சின்னதாக வேண்டுமென்றால் மினிட் இருக்கிறது, 2018இல் வந்தது, சுவிட்சிலும் கிடைக்கும். கறுப்பு வெள்ளை மட்டும். கடற்கரையில் ஒரு வாளைப் பொறுக்குவீர்கள், அது சாபம் பிடித்த வாள், அன்றிலிருந்து ஒவ்வொரு 60 செக்கனுக்கும் ஒரு சாவு. செத்து வீட்டில் எழும்புவீர்கள், ஆனால் எடுத்த பொருள் கையில் இருக்கும், வெட்டிய வழி வெட்டியபடி இருக்கும். அதனால் அந்த 60 செக்கனில் எங்கே ஓடுவது என்பதுதான் முழு விளையாட்டும். ஒரு பின்னேரத்தில் ஆரம்பித்து அன்றைக்கே முடிக்கலாம். 101 பஸ்ஸில் விளையாட இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது, ஹோல்ட் வந்ததும் பையில் போடலாம், எப்படியும் அடுத்த நிமிடம் சாகத்தான் போகிறீர்கள்.

சதுரக் கொப்பி:

மினிட் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, நானும் எல்லோருக்கும் சொல்கிற விளையாட்டு. ஆனால் வீடியோ விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்டவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார், அந்தத் தீர்கிற நொடிதான் தனக்கு வேண்டும் என்று. கதைக்காக விளையாடுகிறவர் வீடியோ பார்த்தால் அவருக்கு ஒன்றும் குறையாது, புதிருக்காக விளையாடுகிறவர் பார்த்தால் அந்த டஞ்சனே அவருக்கு இல்லாமல் போகிறது. ஒருமுறை தெரிந்த விடையைத் திரும்பத் தெரியாமல் ஆக்க முடியாது. அதிலும் இந்த விளையாட்டில் டஞ்சன் எட்டுத்தான், ஒன்றை இழந்தால் எட்டில் ஒரு பங்கு போய்விடும்.

பள்ளிக்கூட வாசல்:

அம்மா ஒருவர் எழுதுகிறேன், இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். என் மகன் நாலாம் ஆண்டு, தமிழ் மொழிமூலம். இந்த விளையாட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் விளையாடுகிறோம், அவன் பொத்தான், நான் வாசிப்பு. ஆங்கிலத்தில் வருவதை நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவன் கேட்டுவிட்டு யோசிப்பான். இரண்டாவது டஞ்சனில் ஒரு கல் வாசகம் வருமே, அடைபட்டிருக்கும் போல்ஸ் வொய்சை முதலில், ஸ்டால்போசைக் கடைசியில் என்று, இரண்டும் எதிரிகளின் பெயர். எனக்கு அதற்கும் அந்த அறைக்கும் என்ன தொடர்பு என்றே பிடிபடவில்லை. அவன் அறையைப் பார்த்தான், மூன்று விதமான எதிரி நிற்கிறது, முயல் காது வைத்தது ஒன்று கட்டைக்குப் பின்னால் அடைபட்டிருக்கிறது, 'அம்மா, இதுதான் மறியலில் இருக்கிறது' என்று கட்டையைத் தள்ளி அதை முதலில் அடித்தான், பிறகு வௌவால், பிறகு எலும்புக்கூடு. பெட்டி வந்து விழுந்தது. நான் வீடியோவில் பார்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தை அப்படிப் பார்த்திருக்க மாட்டேன், ஆகவே நான் சதுரக் கொப்பி சொல்வதோடுதான் நிற்கிறேன்.

மூன்றாவது டஞ்சன் படம் ஒரு திறப்பு வடிவத்தில் இருக்கிறது, கவனித்தீர்களா? அதன் பெயரே கீ கேவர்ன். இதையும் அவன்தான் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு டஞ்சனுக்குள் போனதும் முதல் வேலை படத்தை விரித்து என்ன உருவம் என்று பார்ப்பது, உருவம் தெரிந்தால் இன்னும் திறக்காத அறை எந்த மூலையில் இருக்கும் என்று ஊகிக்கலாம். கரையோர ரயிலுக்கு இது உதவுமோ தெரியாது, கோபுரத்தில் தளம் தளமாக இருப்பதால்.

எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது பண்டமாற்று. ஒரு பொம்மையில் ஆரம்பிக்கிறது. பொம்மையைக் குழந்தைக்காரியிடம் கொடுத்தால் ரிபன், ரிபனுக்கு நாய்ச் சாப்பாடு, அதற்கு வாழைப்பழம், வாழைப்பழத்தைக் குரங்கிடம் கொடுத்தால் கூட்டாளிகளைக் கூட்டி வந்து பாலம் கட்டித் தருகிறது, பிறகு தடி, தேன்கூடு, அன்னாசி, செவ்வரத்தம் பூ என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் எங்கள் வீட்டுச் சாமான் மாதிரி இருப்பதால் மகனுக்கு ஒன்றும் விளக்கத் தேவைப்படவில்லை. கடைக்காரர் திரும்பிய நேரம் பார்த்துக் காசு கொடுக்காமல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடினான் ஒருநாள். அன்றிலிருந்து தீவில் எல்லோரும் அவனைத் திருடன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பெயரே மாறிவிட்டது, திரும்ப அந்தக் கடைக்குப் போனால் கடைக்காரர் அடித்தே கொன்றுவிடுகிறார். புதிதாக ஆரம்பிக்கலாமா என்று கேட்டான். நான் விடவில்லை, அந்தப் பெயரோடேயே முடிக்கட்டும்.

ஐந்துலாம்புச் சந்தி:

எல்லோரும் சுவிட்ச் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு அந்த விலைக்கு இப்போது முடியாது. பழைய கேம் போய் அட்வான்ஸ் எஸ்.பி. ஒன்று, மூடித் திறக்கிறது, கைக்கு வந்திருக்கிறது, நல்லாக வேலை செய்கிறது. இதில் இந்த மாதிரிச் சின்னதாக, டஞ்சனோடு, முடிக்கக்கூடியதாக என்ன விளையாடலாம்? கசெட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ஒரு கடையில் வாங்கிய கசெட் இரண்டு நாளில் சேமித்ததையெல்லாம் மறந்துவிட்டது, அதனால்தான் கேட்கிறேன்.

நாலு பற்றரி:

தம்பி, எஸ்.பி. கையில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 2003இல் வந்த கருவி, பற்றரி உள்ளேயே இருக்கிறது, சார்ஜ் பண்ணலாம், திரைக்கு வெளிச்சமும் உண்டு. அதைவிட முக்கியம், பழைய கேம் போய் கசெட்டும் நிறக் கேம் போய் கசெட்டும் அதில் ஓடும். அதனால் லிங்க்ஸ் அவேக்கனிங்கின் 1993 பதிப்பையும் விளையாடலாம், 1998இல் நிறம் சேர்த்து வந்த டிஎக்ஸ் பதிப்பையும் விளையாடலாம். டிஎக்ஸ் எடுங்கள், அதில் நிறங்களை வைத்தே செய்த ஒரு டஞ்சன் கூடுதலாக இருக்கிறது.

அட்வான்சுக்கென்றே வந்ததில் என் தேர்வு மினிஷ் கேப். 2004, கேப்கொம் செய்தது, ஆறு டஞ்சன். தொப்பி ஒன்று பேசும், அதன் உதவியோடு எறும்பு அளவுக்குச் சுருங்கலாம். நேற்று நீங்கள் சாதாரணமாக நடந்து தாண்டிய புல்லுக்குள் இன்றைக்குச் சுருங்கிப் போனால் அங்கே ஒரு ஊர் இருக்கும், ஒரு மழைத்துளி தலையில் விழுந்தால் உயிர் குறையும். முதல் டஞ்சனில் வருகிற தலைவன் எல்லா விளையாட்டிலும் வருகிற சாதாரணப் பச்சைக் களிதான், நீங்கள் சின்னது என்பதால் அது பெரிது. 240க்கு 160 புள்ளித் திரையில் அவ்வளவு அழகான படம் வேறு நான் கண்டதில்லை.

கசெட் விஷயம். உங்களுக்கு நடந்ததைப் பார்த்தால் அது போலியாக இருக்கலாம். மினிஷ் கேப் உண்மைக் கசெட் பற்றரி இல்லாமலேயே சேமிக்கும், உள்ளே இருக்கிற சிப்பில் எழுதிவிடும், அதனால் 20 வருடம் கழித்தும் சேமித்தது அப்படியே இருக்கும். போலியில் மலிவான பற்றரி வைப்பார்கள், அது போனால் எல்லாம் போகும். வாங்கும்போது கீழ்ப்பக்க வாயைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள், பொன்னிறப் பற்களுக்கு மேலே பலகையில் நின்டெண்டோ என்று அச்சிட்டிருக்க வேண்டும். முன்பக்கத் தாளை விரலால் தடவினால் இரண்டு இலக்கம் அமுக்கி அடித்த தடம் தெரியும். பின்னால் ஆணி மூன்று கால் வடிவத்தில் இருக்க வேண்டும், சாதாரண ஸ்டார் தலை ஆணி என்றால் உடனே வைத்துவிட்டு வாருங்கள்.

1993 கசெட் வேறு கதை. அதில் உண்மையானதிலேயே வட்டப் பற்றரி இருக்கிறது, சேமித்ததை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. இத்தனை வருடத்தில் அது முடிந்திருந்தால் போலி என்று அர்த்தமில்லை, கைபேசி திருத்துகிற ஒருவரிடம் கொடுத்தால் பழையதைக் கழற்றிப் புதிதை ஈயம் வைத்து ஒட்டித் தருவார். பற்றரி மேலேயே நேரடியாகச் சூடு வைக்க விடாதீர்கள், தகடு ஒட்டியே வருகிற பற்றரியைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், உப்புக் காற்றில் பற்களில் பச்சை பிடிக்கும், கசெட் எடுக்கவில்லை என்றால் ஊதாதீர்கள், வாயின் ஈரம் இன்னும் மோசமாக்கும். காது துடைக்கிற பஞ்சில் ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். பழையதில் சேமிக்க ஏ, பீ, ஸ்டார்ட், செலெக்ட் நாலையும் ஒன்றாக அமுக்க வேண்டும், இது தெரியாமல் அணைத்துவிடாதீர்கள்.

கரையோர ரயில்:

ஏறிவிட்டேன்! சதுரக் கொப்பி அண்ணா, தூண் எதற்காக நிற்கிறது என்று நீங்கள் கேட்ட கேள்வியே காணும். தளம் தளமாகக் கீறினேன், இரண்டு தாளையும் ரயில் யன்னலில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன், தலைவன் இருக்கிற இடத்துக்கு ஏன் என்னால் போக முடியவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வழி அந்தத் தளத்தில் இல்லவே இல்லை, மேலே இருப்பது கீழே வந்தால்தான் வழி. நாலாவது தூண் உடைந்து மேல் தளம் அப்படியே இறங்கி உட்கார்ந்தபோது சத்தம் போட்டுவிட்டேன், பக்கத்தில் இருந்த அக்கா என்ன என்று கேட்டார், திரையைக் காட்டி விளங்கப்படுத்தினேன், அவர் கொள்ளுப்பிட்டியில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். கட்டடத்தையே உடைத்து வேறு கட்டடமாக மாற்றி ஏறுவது என்று ஒருவர் யோசித்து, அதை அந்தப் பத்துக்கு எட்டுக் கட்டத்துக்குள் 1993இலேயே செய்திருக்கிறார் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

உல்ரீரா தாத்தாவுக்கும் எடுத்துப் பார்த்தேன், உண்மையாகவே போனில் நல்ல மனிசன். கேடயம் எடுத்தாயிற்று, கழுகும் முடிந்தது. மினிட் இதற்குப் பிறகு, கட்டாயம். பள்ளிக்கூட வாசல் அக்கா, மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், மறியல் கதை மிகவும் பிடித்தது.

இனி எட்டாவது. போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதும் இருக்கிறதா? குறிப்பு மட்டும்.

நாலு பற்றரி:

எட்டாவது ஆமைப் பாறை. வாசலில் ஆமைத் தலை கல்லாக இருக்கும், கோபுரத்தின் திறப்பை எடுக்கப் போகுமுன் சேவலை உயிர்ப்பித்தீர்களே, அதை எப்படிச் செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே நெருப்பு நிறைய, பனிக்கட்டி மாதிரி வழி மறிக்கிற கட்டைகளும் நிறைய, அந்தக் கட்டைகளுக்கு அங்கே கிடைக்கிற மந்திரக் கோல்தான் மருந்து. போகுமுன் ட்ரேசியிடம் ஒரு போத்தல் மருந்து வாங்கி வைத்திருங்கள், உயிர் போனால் அதுவே எழுப்பிவிடும்.

இன்னும் அந்த நிற டஞ்சனுக்குப் போகவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள், புதிய பதிப்பிலும் இருக்கிறது. நூலகத்தில் உயரத்தில் ஒரு புத்தகம் கைக்கு எட்டாமல் இருக்கும், ஓடும் சப்பாத்தோடு அலுமாரியில் மோதுங்கள். புத்தகத்தில் இருப்பதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு மயானத்துக்குப் போங்கள். முடிவில் இரண்டு சட்டையில் ஒன்றைத் தருவார்கள், சிவப்பு என்றால் அடி கூடும், நீலம் என்றால் வாங்குகிற அடி குறையும்.

இறுதிக் காட்சியைப் பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம், அவர் முடித்துவிட்டு வரட்டும். கரையோர ரயில், அதை மட்டும் ரயிலில் பார்க்காதீர்கள், வீட்டில் ஹெட்போன் போட்டுப் பாருங்கள், பாட்டு முழுதாகக் கேட்க வேண்டும்.

கரையோர ரயில்:

சரி அண்ணா, நீலச் சட்டை எடுக்கிறேன். மயானத்துக் கற்கள் இரண்டு தப்பான பக்கம் தள்ளிவிட்டால் திரும்ப முதலிலிருந்து தள்ளலாம்தானே?

சதுரக் கொப்பி:

தள்ளலாம். வெளியே போய்த் திரும்பி வந்தால் கற்கள் பழைய இடத்தில் இருக்கும்.